தராசில் ஏறிய எடையும் கொக்கியில் தொங்கிய கறியும்

திருமங்கலம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஆட்டை யாரும் கிலோக் கணக்கில் விலை பேசுவதில்லை. உருப்படிக்கு இவ்வளவு என்றுதான் பேச்சு. ஆனால் விற்பவர், வாங்குபவர் இருவர் மனத்திலும் ஓடுவது ஒரே கணக்கு: இந்தக் கிடாயில் எத்தனை கிலோ கறி விழும்? தரகர் முதுகைப் பிடித்துப் பார்ப்பார், வாலடியை அமுக்குவார், தொடைச் சந்தில் கைகொடுத்து லேசாகத் தூக்கிப் பார்ப்பார். பிறகு வாயால் சொல்லாமல், துண்டுக்குள் விரல் பிடித்துத் தொகையைக் காட்டி விலை முடியும். வாங்கிய கறிக்கடைக்காரருக்கு மறுநாள் விடிவதற்குள் விடை கிடைத்துவிடுகிறது. உரித்துக் கொக்கியில் மாட்டியதும், தன் கண் சொன்ன கணக்கு சரியா தவறா என்று அவருக்குத் தெரியும். ஒவ்வொரு ஆட்டிலும் அவர் ஒரு பாடம் படிக்கிறார். விற்ற நமக்கோ பணத்தை எண்ணுவதோடு பள்ளிக்கூடம் முடிந்துவிடுகிறது. பல தலைமுறையாக ஆடு வளர்த்தும் சந்தையில் நம் மதிப்பு எப்போதும் அவர் மதிப்புக்குக் கீழேயே நிற்பதற்கு வேறு மாயம் ஒன்றும் இல்லை.

கள்ளிக்குடிப் பக்கத்துக் கரிசல் காட்டில் செம்மறி வளர்க்கிறேன். அப்பா காலத்தில் கிடை போட்ட ஆடுகளின் வழிவந்தவை. இப்போது தாயாடுகள் மேய்ச்சலுக்குப் போகின்றன. பால் மறந்த கிடாக்குட்டிகளை மட்டும் கொட்டகையில் அடைத்து, அடர்தீவனம் கொடுத்துத் தேற்றி விற்கிறேன். குட்டிகளில் இரண்டு சாடை உண்டு. உடம்பு முழுவதும் செம்பழுப்பாகவும், தலையிலும் வயிற்றிலும் கறுப்பு ஓடியும் இருப்பது கீழக்கரிசல். வெள்ளை உடம்பில் சிவப்புத் திட்டுத் திட்டாக, கால் உயர்ந்து நிற்பது வேம்பூர், பொட்டாடு என்பார்கள். விளாத்திகுளம் பக்கத்து வேம்பூர்தான் அதன் சொந்த ஊர். என் பட்டியில் இரண்டும் கலந்து கிடக்கின்றன என்பதால் சுத்த இனம் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன்; சாடையைத்தான் சொல்கிறேன்.

கால்நடைப் பயிற்சி ஒன்றில் ஒரு பேராசிரியர் அமெரிக்க மாட்டுப் பண்ணைகளைப் பற்றிப் பேசினார். அங்கே கன்று ஈன வைப்பவர் ஒருவர், கொழுக்க வைப்பவர் வேறொருவர், அறுப்பவர் மூன்றாமவர். கன்று வளர்ப்பவருக்கும் நம்மைப்போலவே முடிவு தெரியாது. அதனால் சிலர் தம் கன்றுகளில் சிலவற்றை விற்காமல், சொந்த உடைமையாகவே கொழுக்கவைக்கும் பண்ணைக்கு அனுப்புகிறார்கள். கடைசியில், காதில் மாட்டிய அடையாள வில்லையின் எண்படி கணக்கு திரும்பி வருகிறது. நாளுக்கு எவ்வளவு எடை ஏறியது, நோய்க்கு என்ன செலவானது, உரித்த எடை என்ன, பன்னிரண்டாம் பதின்மூன்றாம் விலாவுக்கு நடுவே வெட்டிப் பார்த்தால் முதுகுத்தசை எவ்வளவு அகலம், அதன்மேல் எத்தனை தடிமன் கொழுப்பு, தசைக்குள் கொழுப்பு இழையோடுகிறதா என்பது வரை அதில் இருக்கும். இழையோட்டத்தையும் மாட்டின் முதிர்ச்சியையும் வைத்துப் பிரைம், சாய்ஸ், செலக்ட் என்று தரம் பிரிக்கிறார்கள். விற்கத்தக்க கறி எவ்வளவு தேறும் என்பதற்கு 1 முதல் 5 வரை தனி எண். 1 என்றால் கறி அதிகம், கொழுப்பு குறைவு.

மாட்டுக்கான அந்த எண்கள் நம் ஆட்டுக்கு உதவா. கொழுக்க வைக்கும் மாடு நாளுக்கு ஒன்றரைக் கிலோ ஏறும், உரித்தால் உயிர் எடையில் 60 சதவீதத்துக்கு மேல் நிற்கும். நம் செம்மறிக்கு 42 முதல் 48 வந்தால் சரி. ஆனால் குட்டியைக் கொட்டகையில் ஒரு முறை, கொக்கியில் ஒரு முறை என்று இரண்டு இடத்தில் மதிப்பிட வேண்டும் என்ற முறையை எடுத்துக்கொள்ளப் பணம் எதுவும் தேவையில்லை. ஒரு நல்ல கறிக்கடைக்காரர் வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் கொட்டகைக் கணக்கு. காது வில்லை இல்லாமல் இதில் இறங்கவே வேண்டாம். "அந்த நெற்றிச்சுட்டிக் குட்டி" என்று அடையாளம் சொல்வது பத்து குட்டி வரை ஓடும். அதற்குமேல் சுட்டிகள் குழம்பிவிடும். எடை பார்க்கக் கொக்கித் தராசும், வயிற்றுக்கு அடியில் கொடுத்துத் தூக்க அகலமான சாக்குத் துணியும் போதும். எப்போது பார்க்கிறோம் என்பதுதான் முக்கியம். அசை போடும் பிராணியின் வயிற்றில் இருக்கும் தீனியும் தண்ணீருமே உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு முதல் ஐந்தில் ஒரு பங்கு வரை இருக்கும். மாலையில் மேய்ந்து வந்த குட்டியையும் காலையில் வெறும் வயிற்றுக் குட்டியையும் ஒப்பிட்டால் ஒன்றரை இரண்டு கிலோ சும்மாவே தள்ளாடும். அதனால் விடியற்காலையில், தீவனம் வைக்கும் முன், அடுத்தடுத்த இரண்டு நாள் எடைபோட்டுச் சராசரி எடுப்பது நல்லது. தொடக்கத்திலும் முடிவிலும் இப்படி. நடுவில் பதினைந்து நாளுக்கு ஒரு முறை போதும். தினமும் தூக்கிப் பார்ப்பதில் ஆடும் மிரளும், நமக்கும் இடுப்பு விட்டுப்போகும்.

தராசு கைவசம் இல்லாதவர்கள் டேப்பால் அளக்கலாம். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவை அங்குலத்தில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, தோள் முனையிலிருந்து பிட்டத்தெலும்பு வரையுள்ள நீளத்தால் பெருக்கி, 660ஆல் வகுத்தால் கிலோவில் எடை வரும். நெஞ்சு 28, நீளம் 25 என்றால் ஏறக்குறைய 29.7 கிலோ. சந்தையில் வாங்கப் போகும்போது இது உதவும். கிராம் கணக்கில் வளர்ச்சி பார்க்க இதை நம்பக் கூடாது. ஆடு மூச்சு இழுத்தாலே அரை அங்குலம் கூடிவிடும்.

தீவனத்தைப் பொறுத்தவரை என் கலவை இதுதான்: நூறு கிலோவுக்கு மக்காச்சோளம் 45, கடலைப் பிண்ணாக்கு 22, கோதுமைத் தவிடு 20, உளுந்துக் குருணை 10, தாது உப்பு 2, சாதா உப்பு 1. புரதம் 17, 18 சதவீதம் வரும். இருபது கிலோக் குட்டிக்கு இதில் 300 கிராம், வேலிமசாலும் தீவனச் சோளமும் கலந்து ஒன்றரைக் கிலோ பசுந்தீவனம், கால் கிலோ கடலைக்கொடி. ஈரத்தைக் கழித்தால் ஏறக்குறைய 800 கிராம் உலர்பொருள், அதாவது உடல் எடையில் 4 சதவீதம். நாளுக்கு நூறு கிராம் ஏறினால், ஒரு கிலோ ஏற எட்டு கிலோ உலர்பொருள் செலவாகிறது என்று பொருள். சந்தைக்குத் தேதி குறிப்பது இந்த எட்டுதான். குட்டி முதிர முதிர அது ஒன்பது, பத்து என்று போகும், ஏனென்றால் ஏறுவது தசையாக இல்லாமல் கொழுப்பாக மாறுகிறது. ஒரு கிலோ ஏறத் தின்னும் தீவனத்தின் விலை, அந்த ஒரு கிலோவுக்குச் சந்தை தரும் விலையைத் தொடும் வாரத்தில் ஆட்டை ஏற்றிவிட வேண்டும். "இன்னும் கொஞ்சம் தேறட்டும்" என்று சொல்லி வைத்திருப்பவர்கள் பக்ரீத், ஆடிக் கிடாவெட்டு விலையை எதிர்பார்க்கிறார்கள் என்றால் நியாயம். இல்லையென்றால் கொழுப்புக்குத் தீவனம் போடுகிறார்கள்.

காலையில் தொட்டியில் மிச்சம் கிடப்பதை அள்ளி எடைபோட்டுக் கழிக்காவிட்டால் இந்தக் கணக்கு எதுவும் நிற்காது. கடலைக்கொடியில் இலையைத் தின்றுவிட்டுத் தண்டை மிதித்துப்போடுவது செம்மறியின் குணம். போட்டதையெல்லாம் தின்றதாக எழுதினால், நல்ல குட்டியும் தீனிப்பண்டாரம் என்று பெயர் வாங்கும். இன்னொரு வரம்பும் உண்டு: எல்லாக் குட்டிகளும் ஒரே தொட்டியில் தின்னும் கொட்டகையில், எடை ஏற்றம் ஒவ்வொரு குட்டிக்கும் தனியாகத் தெரியும், தின்ற அளவு கூட்டத்துக்கு மட்டுமே தெரியும். தனித்தனி அறை கட்டி அளப்பது ஆராய்ச்சி நிலையத்துக்கு ஏற்ற வேலை.

அடர்தீவனத்தை எடுத்த எடுப்பில் 300 கிராம் வைக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் எல்லா ஊரிலும் யாரோ ஒருவர் வைத்துவிடுகிறார். ஐம்பது கிராமில் தொடங்கி இரண்டு மூன்று வாரத்தில் உயர்த்த வேண்டும். இல்லாவிட்டால் இரைப்பையில் அமிலம் கூடிக் குட்டி சாய்ந்துவிடும்; அதைவிடக் கொடியது துள்ளுமாரி. கூட்டத்திலேயே கொழுகொழுவென்று நன்றாகத் தின்கிற குட்டியாகப் பார்த்துத்தான் அது அடிக்கும், துள்ளி விழுந்து சில மணி நேரத்தில் முடிந்துவிடும். கொட்டகையில் அடைக்கும் முன்பே தடுப்பூசி போட்டாக வேண்டும். ஆட்டுக்கொல்லி நோய்க்கும் அப்படியே.

கிடாக்குட்டிகளுக்கே உரிய ஆபத்து ஒன்று அவ்வளவாகப் பேசப்படுவதில்லை: சிறுநீர்க்கல். தவிடும் தானியமும் பாஸ்பரஸ் மிகுந்தவை. அவை மட்டும் உள்ளே போய்ச் சுண்ணாம்புச் சத்து குறைந்தால் நீர்த்தாரையில் கல் அடைத்துவிடும். பெட்டைக்கு வழி அகலம், தப்பிவிடும். கிடாய்க்கு வழி குறுகல், காயடித்ததற்கு இன்னும் குறுகல். முதுகை வளைத்து முக்கிக்கொண்டு நிற்கும் குட்டியைக் கழிச்சல் என்று நினைத்து நாட்டு மருந்து கொடுத்துக்கொண்டிருப்பார்கள். பக்கத்து ஊர்க் கொட்டகை ஒன்றில் இப்படிச் சில கிடாய்கள் போயின. தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து, பாஸ்பரஸைப் போல இரண்டு மடங்கு இருக்க வேண்டும். சுண்ணாம்புக்கல் பொடி சேர்த்தால் இது சரியாகும். கூடவே உப்பும், எந்நேரமும் தொட்டியில் நல்ல தண்ணீரும் இருக்க வேண்டும். சித்திரை வெயிலில் கொதித்துக் கிடக்கும் தண்ணீரை ஆடு குடிக்காது என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

சந்தையில் குட்டி வாங்கித் தேற்றுபவர்கள் இன்னொன்றில் கவனமாக இருக்க வேண்டும். கோடையில் மேய்ச்சலற்று எலும்பும் தோலுமாக வந்த குட்டி, தீவனத்தைப் பார்த்ததும் முதல் மாதத்தில் பாய்ந்து ஏறும். விட்டுப்போன வளர்ச்சியை அது ஈடுகட்டுகிறது. அதைப் பார்த்து, இது நல்ல வம்சம், இந்தப் பட்டியிலேயே இனிமேல் வாங்குவோம் என்று முடிவுகட்டினால் கணக்கு பிசகும். நன்றாகத் தேறிய தாயின் பால் குடித்து வளர்ந்து வந்த குட்டி, தொடக்கத்தில் அவ்வளவு பாயாது. இரட்டைக் குட்டியா ஒற்றைக் குட்டியா என்பதையும் வில்லை எண்ணுக்கு நேராக எழுதிவைக்க வேண்டும்.

இனிக் கொக்கிக் கணக்கு. திருமங்கலத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் கடை போடும் பாய் ஒருவர் இதற்கு இசைந்தார். "தம்பி, அறுக்கிற நேரத்தில் நோட்டை நீட்டிக்கொண்டு குறுக்கே நிற்கக் கூடாது" என்பது மட்டும்தான் அவர் போட்ட நிபந்தனை. கொட்டகையில் ஒன்றாக வளர்ந்த குட்டிகளிலிருந்து ஜோடி ஜோடியாகக் கொண்டுபோனேன். அவற்றில் ஒரு ஜோடியின் கணக்கை மட்டும் இங்கே தருகிறேன், ஏனென்றால் மற்றவை சொன்னதை இது பளிச்சென்று சொல்கிறது.

வேம்பூர்ச் சாடைக் குட்டி கொட்டகையில் முதல் மாணவன். நான்கு மாதத்தில் நாளுக்குச் சராசரி 115 கிராம் ஏறியிருந்தது. கீழக்கரிசல் சாடை 102. மாலையில் தராசில் முதலாவது 28 கிலோ, இரண்டாவது 26.5. சந்தைக்குப் போயிருந்தால் வேம்பூருக்குத்தான் துண்டுக்குள் ஒரு விரல் கூட விழுந்திருக்கும். இரவு தீவனம் நிறுத்தி, தண்ணீர் மட்டும் வைத்து, விடியலில் எடைபோட்டபோது அது 26.2ஆக இறங்கியது, மற்றது 25.2. இங்கேயே இடைவெளி ஒன்றரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோவாகச் சுருங்கிவிட்டது. உரித்துத் தொங்கவிட்டதும், வேம்பூரில் 11.6 கிலோ, கீழக்கரிசலில் 12. வெறும் வயிற்று எடையில் ஒன்று 44 சதவீதம், மற்றது 47க்கு மேல். மாலை எடையோடு கணக்கிட்டால் 41ம் 45ம். எந்த எடையால் வகுத்தோம் என்று சொல்லாமல் "எங்கள் ஆடு ஐம்பது நிற்கும்" என்று பேசுபவர்களை நம்ப வேண்டாம். சந்தைக்கு முன் உப்புப் போட்டுத் தண்ணீர் காட்டி வயிற்றை உப்பவைப்பவர்கள் விளையாடுவதும் இந்த இடைவெளியில்தான். கறிக்கடைக்காரர் அதையும் கழித்துத்தான் விரல் பிடிக்கிறார்.

பாய் கையைக் கழுவிக்கொண்டே வேம்பூரின் இரைப்பையைக் காட்டினார். "தீவனச் செலவெல்லாம் இங்கே கிடக்கிறது பாருங்கள்." தீனியோடு இரைப்பையும் குடலும் சேர்ந்து ஏழு கிலோவுக்கு மேல் இருந்தது. அடுத்ததில் ஐந்தரைக் கிலோதான். கால் எலும்பும் வேம்பூருக்குத்தான் தடிமன்.

இதை வைத்து இனத்தின் மீது தீர்ப்பு எழுதிவிடலாம், பலர் எழுதுகிறார்கள். நான் கொட்டகையைப் போய்ப் பார்த்தேன். தொட்டி நீளம் போதாமல், முரட்டுக் குட்டிகள் அடர்தீவனத்தை மறித்துக்கொண்டு நிற்க, சாதுவான வேம்பூர்ச் சாடைக் குட்டிகள் ஒதுங்கிக் கடலைக்கொடியை வயிறு முட்டத் தின்றுகொண்டிருந்தன. நார்த்தீனி தின்றால் வயிறு பெரிதாகும், எடையும் ஏறும், கறி அந்த அளவுக்கு ஏறாது. அடுத்த கூட்டத்தில் தலைக்கு ஓரடி தொட்டி இடம் கொடுத்து, உருவத்துக்கு ஏற்பக் குட்டிகளைப் பிரித்து அடைத்தேன். இடைவெளி குறைந்தது, முழுக்க மறையவில்லை. ஆக, பாதி தொட்டியின் குற்றம், மீதி உடம்பு வாகு. வளர்த்தி நெட்டையான குட்டி முதிர நாளாகும், அதே வயதில் அறுத்தால் எலும்பு முந்திக்கொண்டும் தசை பின்தங்கியும் இருக்கும். அதை இன்னும் ஒன்றிரண்டு மாதம் வைத்திருந்து, பக்ரீதுக்கு உருவத்தைக் காட்டி விற்பதுதான் லாபம். குர்பானிக்கு வாங்குபவர் உயரம், கொம்பு, குறையற்ற உடல், வயது எல்லாம் பார்ப்பவர். கீழக்கரிசல் சாடையை ஞாயிற்றுக்கிழமைக் கறிக்கு இளசாகவே கொடுத்துவிடலாம். ஒரே கொட்டகைக் குட்டிகளுக்கு இரண்டு சந்தை.

முதுகுத்தசையையும் பார்த்தேன். நம் கடைகளில் ஆட்டை விலாவுக்குக் குறுக்கே அறுத்துக் காட்டும் வழக்கம் இல்லை. நெட்டாகப் பிளந்து, புளியமரக் கட்டையில் வைத்துத் துண்டு போடுவார்கள். பாய் எனக்காகக் கடைசி இரண்டு விலாவுக்கு நடுவே ஒரு கத்தி போட்டார். வெட்டுவாயில் வெண்ணெய்த் தாளை ஒட்டிப் பென்சிலால் தசையின் விளிம்பை வரைந்துகொண்டு, வீட்டில் கட்டம்போட்ட தாளில் வைத்து எண்ணினால் பரப்பு வந்துவிடும். உயிரோடு இருக்கும்போது முதுகை விரலால் அழுத்திப் போட்ட மதிப்பெண்ணையும் இந்தப் பரப்பையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவந்தால், விரலுக்கே பயிற்சி வருகிறது. இடுப்புக்கு மேலே முதுகெலும்பு முள் கூர்மையாகக் குத்தினால் ஒன்று, இரண்டு. விரலை அழுத்தினால் உருண்டையாகத் தட்டுப்பட்டு, பக்கவாட்டு எலும்பின் நுனி சதைக்குள் மறைந்திருந்தால் மூன்று. எலும்பே தட்டுப்படாமல் வழவழப்பாக இருந்தால் நான்கு, ஐந்து. மூன்றுக்கும் மூன்றரைக்கும் நடுவே விற்பதுதான் நமக்குக் கட்டுப்படியாகிறது. அதற்குமேல் போன கிடாயில் சிறுநீரகத்தைச் சுற்றிக் கொழுப்பு கட்டிகட்டியாகக் கிடக்கும். கறி வாங்க வருபவர் அதை ஒதுக்கச் சொல்வார், பாய் நம் விலையில் கழிப்பார்.

மாட்டிறைச்சிக்கு மேல்நாட்டார் கொண்டாடும் தசைக்குள்ளான கொழுப்பு இழைக்கு இங்கே யாரும் காசு தருவதில்லை. நாம் கறியைச் சுடுவதில்லை, வேகவைக்கிறோம்; சுக்காவுக்குத் தொடையும் குழம்புக்கு நெஞ்செலும்பும் கேட்கிற ஊர் இது. பதிலாக, அவர்கள் கணக்கிலிருந்து தள்ளுகிற தலை, கால், குடல், ஈரல், சுவரொட்டி, ரத்தம் எல்லாமே இங்கே காசு. அதனால் உரித்த எடைச் சதவீதம் மட்டும் பார்த்தால் நம் ஆட்டின் முழு மதிப்பு தெரியாது. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். தலையும் காலும் ஜோடி விலைக்கும் செட் விலைக்கும் போகின்றன, எடைக்குப் போவதில்லை. பெரிய தலையும் தடித்த காலும் உள்ள குட்டிக்கு அதனால் கூடுதல் வரவு எதுவும் இல்லை, அதை வளர்த்த தீவனம் மட்டும் செலவு. மற்றொன்று, ஊரில் வெள்ளாட்டுக் கறிக்கு இருக்கிற மதிப்பு செம்மறிக்கு இல்லை. வாலை உரிக்காமல் விட்டு "வெள்ளாடு பார்த்துக்கொள்ளுங்கள்" என்று காட்டுகிற கடைக்குப் பக்கத்தில்தான் நம் கறி விற்க வேண்டியிருக்கிறது. சுவையில் இளங்கிடாய்க்கு என்ன குறை என்று எனக்கு இன்றும் புரியவில்லை.

கொக்கியடியில் நின்றதில் எடையைவிட அதிகம் கற்றுக்கொடுத்தது உள்ளுறுப்புகள்தான். கண்மாய்க் கரையில் மேய்ந்து வந்த தாய்களின் குட்டிகளில், குடலும் இரைப்பையும் சுத்தம் செய்யும்போது இரைப்பைச் சுவரில் மாதுளை முத்துகளைப் பதித்ததுபோல் சிவப்பாக ஒட்டிக்கொண்டிருந்தவை தட்டைப்புழு வகை. நத்தை வழியாக நீரோரப் புல்லில் ஏறி ஆட்டுக்குள் போகின்றன. நான் கொடுத்துவந்த குடற்புழு மருந்து உருண்டைப்புழுவுக்கானது. இதற்கு வேறு மருந்து. சாணத்தைச் சோதிக்கச் சொல்லிக் கால்நடை மருந்தகத்தில் கொடுத்ததும் உறுதியானது. கண்மாயில் தண்ணீர் வற்றிவரும் மாதங்களில் கரையோர மேய்ச்சலை நிறுத்தினேன். சில குட்டிகளில் குடலை மூடிய சவ்வில் நீர்க்கொப்புளங்கள் தொங்கின, எலுமிச்சை அளவுக்கு. அது நாயின் நாடாப்புழுவின் குழந்தைப் பருவம். கிடைக்குக் காவல் நாய் வைத்திருப்பவர்கள், செத்த குட்டியின் குடலை நாய்க்குப் போட்டுப் போட்டுச் சுழற்சியை நாமே நடத்துகிறோம். நாய்க்கு நாடாப்புழு மருந்து, குடலுக்குக் குழி. வேறு வழியில்லை.

தொடையில் ஊசி போட்ட இடத்தில் சீழ்க்கட்டி இருந்த ஒரு கிடாயைப் பாய் எனக்குத் தனியாக எடுத்துவைத்திருந்தார். அந்த இடத்தைச் சுற்றி உள்ளங்கை அளவுக்குக் கறியை வெட்டி எறிய வேண்டியிருந்தது, அதுவும் சுக்காவுக்குப் போகும் தொடையில். தடுப்பூசி, மருந்து எதுவானாலும் கழுத்துத் தோலுக்கு அடியில் போடச் சொல்லி இப்போது கேட்டுக்கொள்கிறேன். மருந்து போட்டபின் விற்கக் கூடாத நாள்கணக்கு அட்டைப்பெட்டியிலேயே அச்சிட்டிருக்கும், அதை வில்லை எண்ணுக்கு நேராக எழுதிவிட வேண்டும். காலைப் பிடித்து இழுத்த இடத்திலும் தோலைப் பிடித்துத் தூக்கிய இடத்திலும் ரத்தக்கட்டு தெரியும். இரு சக்கர வண்டியில் கால்களைக் கட்டிக் குறுக்கே போட்டு வந்த கிடாயின் கறி கறுத்து, தொட்டால் பிசுபிசுப்பாக இருக்கும். பயந்து மிரண்டு தவித்த ஆட்டின் தசையில் சேமிப்புச் சர்க்கரை தீர்ந்துபோவதால், அறுத்தபின் உருவாக வேண்டிய அமிலம் உருவாவதில்லை. நல்ல கறியின் அமிலக் குறியீடு (pH) 5.5க்கு அருகில் இறங்கும், இதில் 6ஐ விட்டு இறங்காது. அப்படிப்பட்ட கறி சீக்கிரம் கெட்டும் போகும். முந்தின நாள் மாலையே ஆடுகளைக் கொண்டுபோய் நிழலில் தண்ணீர் வைத்து, பழகிய கூட்டமாகவே படுக்கவிட்டால் இந்தக் கறுப்பு பெரும்பாலும் வருவதில்லை.

இந்தக் குறிப்புகள் எல்லாம் கடைசியில் போய்ச் சேர வேண்டிய இடம் பொலிகிடா. முன்பு கூட்டத்தில் பெரிதாக நிற்கும் கிடாயை விட்டுவைப்போம். இப்போது பருவத்துக்கு வரும் தாயாடுகளைப் பிரித்து, ஒரு கூட்டத்துக்கு ஒரே கிடா என்று விடுகிறேன். கிடாயின் நெஞ்சில் எண்ணெயில் குழைத்த காவியைத் தடவிவிட்டால், எந்தப் பெட்டையின் முதுகில் எப்போது நிறம் ஏறியது என்று தெரியும். குட்டிக்குத் தகப்பன் யார் என்று எழுதிவைத்தால், அந்தத் தகப்பனின் ஆண் குட்டிகள் கொட்டகையிலும் கொக்கியிலும் என்ன செய்தன என்பது சேர்ந்துகொண்டே வரும். ஒன்றிரண்டு குட்டிகளை வைத்துக் கிடாயைக் கழிக்கக் கூடாது. ஒரே தகப்பனின் குட்டிகள் பத்துக்கு மேல் சேர்ந்தபின் பார்த்தால்தான் சாயல் தெரிகிறது. என்னிடம் பெரிய உருவத்தோடு நின்ற கிடா ஒன்றின் குட்டிகள் தொடர்ந்து குடல்கனமாகவே வந்தன. அதைச் சந்தைக்கு அனுப்பிவிட்டு, குட்டையாக, முதுகு அகன்று நின்ற ஒன்றை வைத்திருக்கிறேன். அக்கம்பக்கத்தார், "ஏன் அண்ணே, இவ்வளவு சின்னக் கிடாயை வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்கிறார்கள். நோட்டை எடுத்துக் காட்டினால் பொறுமையாகப் பார்ப்பவர்கள் சிலர்தான்.

பாயோடு இப்போது வேறு ஏற்பாடு. உருப்படி விலையும் இல்லை, உயிர் எடை விலையும் இல்லை. கொக்கியில் தொங்கும் எடைக்குப் பேசிய விலை. தலை, கால், குடல், ஈரல் அவருக்கு, அதற்குள் அறுப்புக் கூலியும் கடைச் செலவும் அடக்கம். ரத்தக்கட்டுக்கும் ஊசிக்கட்டிக்கும் வெட்டி எறிந்தது என் கணக்கில் போகும். சிறுநீரகக் கொழுப்பு அரைக் கிலோவுக்கு மேல் இருந்தால் மிச்சத்தைக் கழிப்பார். விலை பேசும் முன் அவர் முதுகைப் பிடித்துப் பார்ப்பதில்லை, நானும் அவர் துண்டைத் தேடுவதில்லை. தோலைத்தான் யார் எடுத்துக்கொள்வது என்று இன்னும் தள்ளிவிட்டுக்கொண்டிருக்கிறோம். விற்கிற விலைக்கு அதை உப்புப் போட்டு வைக்கும் செலவே கட்டுப்படியாகவில்லை.